ஒன்றுவிட்ட ஞாயிறு: நம் பக்கத்தில் ஒரு ஷூட்டிங் லீக் தொடங்குவது எப்படி

லீக் நடத்தப்போகிறோம் என்று நோட்டீஸ் ஒட்டியதும் எங்களுக்கு வந்த முதல் போன், பல்லடம் பக்கம் ஒரு தோட்டக்காரரிடமிருந்து. "ஏனுங்க, மயிலுத் தொந்தரவு தாங்க முடியலீங்க. மக்காச்சோளம் பூராத்தையும் கொத்திப் போடுது. உங்க பசங்கள்ல ரெண்டு பேர ஒரு நாளைக்கு அனுப்பி வெப்பீங்களா?" மயில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது, ஏர்கன்னால் சுட்டாலும் கேஸ்தான் என்று எடுத்துச் சொன்னோம். அப்புறம் டீக்கு அழைத்து, ஷெட்டைச் சுற்றிக் காட்டி அனுப்பினோம். அவருடைய பேத்தி இப்போது எங்கள் பிஸ்டல் அணியில் சுடுகிறாள்.

இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், லீக் தொடங்கும் உங்களுக்கும் இந்தப் போன் வரும். துப்பாக்கி என்றாலே நம் ஊரில் ஒன்று போலீஸ், இல்லை காட்டுப்பன்றி. நடுவில் ஒரு விளையாட்டு இருக்கிறது என்று பொறுமையாகச் சொல்ல வேண்டியது உங்கள் வேலையில் பாதி. மீதிப் பாதியைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர், நாமக்கல், சேலம் என்று எந்த ஊரில் இருந்தாலும், நான்கைந்து கிளப்புகளோ பள்ளிகளோ கிடைத்தால் போதும்.

லீக் எதற்கு?

நம் பிள்ளைகள் வருடம் முழுக்கத் தனியாகப் பழகுகிறார்கள். கிளப்பில் சுடும்போது 400க்கு 380 வருகிறது. மாநிலப் போட்டிக்குப் போனால் 361. கேட்டால், "கை நடுங்குச்சுங்க சார்" என்கிறார்கள். நடுங்கத்தான் செய்யும். வருடத்தில் ஒரே ஒரு நாள் நெஞ்சு படபடக்கச் சுட்டால் அந்தப் படபடப்பு எப்படிப் பழகும்? ஒன்றுவிட்ட ஞாயிறு ஒருமுறை, பக்கத்து லேனில் எதிரணிக்காரர் நிற்க, பின்னால் ஊரே பார்க்கச் சுட்டால் நான்காவது சுற்றில் அது பழகிவிடும். லீக் தருவது அதைத்தான். தேசியப் போட்டிக்குத் தகுதி பெற லீக் ஸ்கோர் உதவாது, அதற்கு அங்கீகாரம் பெற்ற போட்டிகளில் எடுத்த ஸ்கோர்தான் செல்லும். பெற்றோரிடம் இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். சர்டிபிகேட் கொடுத்து வேலை வாங்கித் தருவதாக யாராவது நினைத்துக்கொண்டு வந்தால் பின்னால் மனக்கசப்பு.

முதல் படி: ஏர்கன் மட்டும்

முதல் சீசனில் 10 மீட்டர் ஏர் ரைபிள், 10 மீட்டர் ஏர் பிஸ்டல், இந்த இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வெடிமருந்துத் தோட்டா போட்டுச் சுடும் .22 ரைபிள் வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் கூட்டத்தில் கட்டாயம் இருப்பார், "இதையும் சேர்த்துக்கலாம்" என்பார். வேண்டாம்.

காரணம் சட்டம். 2016 ஆயுத விதிகளின்படி, குழலின் உள்விட்டம் 4.5 மில்லிமீட்டருக்குள்ளும் வெளிவரும் குண்டின் ஆற்றல் 20 ஜூலுக்கு உள்ளும் இருக்கும் ஏர் ரைபிளுக்கும் ஏர் பிஸ்டலுக்கும் லைசென்ஸ் தேவையில்லை. போட்டியில் சுடும் ஏர் ரைபிள் 8 ஜூல் அளவில்தான் இருக்கும். வாங்கும்போது அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் கொடுத்தால் போதும். .22 என்றால் 1959 ஆயுதச் சட்டம் முழுசாக வந்து நிற்கும். ஆளுக்கு ஒரு லைசென்ஸ், தோட்டாக் கணக்கு, அதற்கென்று அனுமதி வாங்கிய ரேஞ்ச் (சுடும் இடம்), தேர்தல் அறிவித்தால் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைப்பது பற்றிய கேள்வி. புதிதாகத் தொடங்குபவர் சுமக்கக்கூடிய மூட்டை இல்லை.

ஏர்கன் சின்னப் பிள்ளைகள் சமாச்சாரம் என்று உதட்டைப் பிதுக்குபவர்களுக்கு ஒரு பதில் கையில் வைத்திருங்கள். 2008 பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியது 10 மீட்டர் ஏர் ரைபிளில். 2024 பாரிஸில் மனு பாக்கர் வாங்கிய இரண்டு வெண்கலமும் 10 மீட்டர் ஏர் பிஸ்டலில், ஒன்று தனியாக, இன்னொன்று சரப்ஜோத் சிங்குடன்.

இன்னொரு முடிவும் இப்போதே எடுக்க வேண்டும். நம் பள்ளிகளில் பாதிக்கு மேல் ஓபன் சைட் ரைபிள்தான் இருக்கும், குழலின் மேலுள்ள வெட்டுப் பள்ளத்தில் குறிபார்ப்பது. கிளப் பிள்ளைகளிடம் பீப் சைட், கண்ணருகே இருக்கும் சின்னத் துளை வழியாகக் குறிபார்ப்பது. இரண்டையும் ஒரே பட்டியலில் கலக்காதீர்கள். ஓபன் சைட்காரர் எவ்வளவு நன்றாகச் சுட்டாலும் தோற்பார், மூன்றாவது வாரம் வரமாட்டார். லீக் பீப் சைட்டுக்கு. ஓபன் சைட்டுக்கு அதே நாளில் தனியாக ஒரு தனிநபர்ப் பட்டியல் வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது படி: ஆட்களும் காகிதமும்

ஏழு பேர் வேண்டும். 1975 தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் சங்கம் பதிய அதுதான் குறைந்தபட்சம். ஏழு பேரும் சுடுபவர்களாக இருக்கக் கூடாது என்பது என் கட்சி. எங்கள் குழுவில் ஒரு ஆடிட்டர், ஒரு பிஇடி மாஸ்டர், ஒரு ரிட்டயர்ட் ராணுவக்காரர், பனியன் கம்பெனி வைத்திருக்கும் ஒரு அண்ணன் இருந்தார்கள். சுடுபவர்கள் மூன்றே பேர். போட்டியன்று நிர்வாகி லேனில் நின்று சுட்டுக்கொண்டிருந்தால் பிராது வந்தால் யார் பார்ப்பது?

பதிவு ஒருபக்கம் நடக்கட்டும். ஏற்கெனவே இருக்கும் கிளப்புகளை முதலிலேயே போய்ப் பாருங்கள். கோவையிலும் சேலத்திலும் ரைபிள் கிளப்புகள் இருக்கின்றன. அவர்களுக்குத் தெரியாமல் ஒரு லீக் தொடங்கினால் போட்டிக் கடை போட்டதாக நினைப்பார்கள். ஒரு கிலோ நேந்திரம் சிப்ஸோடு போய், "நீங்களும் ஒரு அணி இறக்கணுங்க" என்று கேட்டால் கதை மாறிவிடும். மாநில ஷூட்டிங் சங்கத்துக்கும் ஒரு கடிதம் போடுங்கள். அவர்களிடம் பயிற்சி பெற்ற ஜட்ஜுகள் இருக்கிறார்கள், முதல் நாளுக்கு ஒருவரையாவது வரவழைப்பது நல்லது.

காவல் நிலையத்துக்கு அனுமதி கேட்டு எழுத வேண்டாம், தகவல் சொல்லி எழுதுங்கள். அக்கம்பக்கத்தில் யாராவது பயந்துபோய் நூறுக்குப் போன் போட்டால், ஸ்டேஷனில் உங்கள் கடிதம் இருக்க வேண்டும். என்ன துப்பாக்கி, எத்தனை மில்லிமீட்டர், லைசென்ஸ் தேவையில்லாத வகை, எந்தெந்தத் தேதி, பொறுப்பாளர் யார், இவ்வளவுதான். இரண்டு காப்பி எடுத்து ஒன்றில் சீல் வாங்கிக்கொள்ளுங்கள். பிள்ளைகள் பஸ்ஸில் துப்பாக்கிப் பெட்டியோடு வரும்போது பில் நகலும் கிளப் அட்டையும் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும். பெட்டியைப் பூட்டித்தான் எடுத்துவர வேண்டும்.

மூன்றாவது படி: ஷெட்

நம் பக்கத்துக்கு இது பெரிய வரம். தறி ஓடாமல் பூட்டிக் கிடக்கும் ஷெட் எத்தனை! 40க்கு 60 அடி ஷெட் ஒன்று, அதாவது அஞ்சரை சென்ட் இடம், ஒரு லீக்குக்குப் போதும். ஒரு லேனுக்குக் குறைந்தது 1 மீட்டர் அகலம் வேண்டும், 40 அடியில் இறுக்கிப் பிடித்தால் 12 லேன் வரும். 60 அடி நீளத்தில் 10 மீட்டர் சுடும் தூரம் போக, டார்கெட்டுக்குப் பின்னால் பெல்லட்டை (ஏர்கன்னின் ஈயக் குண்டு) பிடிக்கும் பெட்டிக்கும் தடுப்புக்கும் இடம் விட்டு, சுடுபவருக்குப் பின்னால் நாற்காலி போடவும் இடம் மிஞ்சும்.

டார்கெட்டின் நடுப்புள்ளி 1.40 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும், 5 சென்டிமீட்டர் கூடக் குறைய இருக்கலாம். இதில் நாங்கள் சறுக்கினோம். டார்கெட் சுவரின் அடியிலிருந்து டேப்பைப் பிடித்து 1.40 அளந்து கம்பி அடித்துவிட்டோம். தறி ஷெட்டின் தரை கழுவித் தள்ளும் தண்ணீர் ஓடுவதற்காக ஒருபக்கம் சரிந்திருக்கும் என்பது யாருக்கும் உறைக்கவில்லை. பழகிப்பார்க்க வந்த ரைபிள் பிள்ளைகள் எல்லோரும் "டார்கெட் கீழ இருக்குது" என்றார்கள். கொத்தனார் ஒருவர் வந்து லெவல் டியூபில் தண்ணீர் ஊற்றிப் பிடித்துக் காட்டினார், நான்கு விரற்கடைக்கு மேல் வித்தியாசம். உயரத்தை அளக்க வேண்டியது சுடுபவர் நிற்கும் தரையிலிருந்து. தூரம் அளக்கும்போதும் சுடும் கோட்டிலிருந்து டார்கெட்டின் முகப்பு வரை 10 மீட்டர், 5 சென்டிமீட்டர்தான் விலகலாம்.

வெளிச்சம் டார்கெட்டின் மேல் குறைந்தது 1500 லக்ஸ். செல்போனிலேயே சுமாராக அளந்துவிடலாம். சுவர் நெடுக ஒரே நிறத்தில் எல்இடி போடுங்கள், ஒரு லேனுக்கு வெள்ளை, பக்கத்து லேனுக்கு மஞ்சள் என்று போடாதீர்கள். ஆஸ்பெஸ்டாஸ் ஓட்டையில் இறங்கும் வெயில் காலை ஒன்பது மணிக்கு ஏதாவது ஒரு டார்கெட்டில் விழும். முந்தின ஞாயிறு அதே நேரத்துக்கு ஷெட்டில் உட்கார்ந்து பார்த்தால்தான் இது தெரியவரும். சுவர் ஃபேன் வேண்டாம், காகிதம் படபடக்கும். டார்கெட்டுக்குப் பின்னால் வெறும் செங்கல் சுவரை விடாதீர்கள், ஈயம் சிதறித் திரும்பும். சாய்வான இரும்புத் தகடு வைத்த பெட்டியும் அதற்குப் பின்னால் பிளைவுட்டும் வேண்டும். டார்கெட் பக்கம் இருக்கும் கதவை உள்ளேயிருந்து பூட்டிச் சாவியை, கட்டளை சொல்லிச் சுடுவதை நடத்தும் ரேஞ்ச் ஆபிசர் பாக்கெட்டில் போட்டுக்கொள்ள வேண்டும். டீ கொண்டுவரும் பையன் அந்தக் கதவைத் திறந்து எட்டிப் பார்ப்பான், நம்புங்கள்.

எந்த ஊர் ஷெட்? வாரம் ஒரு அணி ஊரில் நடத்தலாம் என்பது கேட்க அழகாக இருக்கும். முதல் சீசனில் ஒரே இடத்தில் நடத்துங்கள். எல்லோருக்கும் நடுவில், பஸ் நிற்கும் ஊராக இருக்கட்டும். அவிநாசி போல ஒரு ஊர் என்றால் கோவைக்காரருக்கும் திருப்பூர்க்காரருக்கும் சரி, ஈரோட்டுக்காரரும் காலையில் கிளம்பி வந்துவிடலாம்.

நான்காவது படி: ஆட்ட முறை

இதில்தான் லீக் நிற்பதும் விழுவதும். சாதாரணப் போட்டியில் எல்லோருடைய ஸ்கோரையும் கூட்டி, மொத்தம் அதிகம் யாருக்கோ அவர் ஜெயித்தார் என்பார்கள். லீக்கில் அப்படிச் செய்தால் மாநில அளவில் சுடும் ஒரு பிள்ளை இருக்கும் அணி எல்லா வாரமும் ஜெயிக்கும், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். ஜெர்மனியில் ஷூட்டிங் கிளப்புகளுக்கு நடக்கும் பண்டஸ்லீகாவில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். அணிக்கு ஐந்து பேர். எதிரணியின் முதல் ஆளோடு நம் முதல் ஆள், இரண்டாவதோடு இரண்டாவது என்று ஒண்டிக்கு ஒண்டி. ஆளுக்கு 40 குண்டு. ஜெயித்தவருக்கு ஒரு புள்ளி. புள்ளி அதிகம் எடுத்த அணிக்கு ஆட்டம்.

ஐந்து பேரைப் பிடிப்பது நமக்குக் கஷ்டம், மூன்று போதும். உதாரணத்துக்கு ஒரு ஆட்டம்: முதல் அணி 384, 352, 331. இரண்டாவது அணி 371, 354, 333. மொத்தம் கூட்டினால் 1067க்கு 1058, முதல் அணி ஒன்பது புள்ளியில் ஜெயித்திருக்கும். ஒண்டிக்கு ஒண்டியில் இரண்டாவது அணிக்கு இரண்டு, முதல் அணிக்கு ஒன்று. ஆட்டத்தைத் தீர்த்தது 333 சுட்ட பொடியன். அவன் துப்பாக்கி பிடித்து ஐந்து மாதம்கூட ஆகியிருக்காது. கடைசி இரண்டு குண்டுக்கு அவன் பின்னால் மொத்த அணியும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். அடுத்த ஞாயிறு அவன் வராமல் இருப்பானா?

யார் முதல் ஆள், யார் மூன்றாவது என்பதை அணி மேனேஜர் முடிவு செய்யக் கூடாது. நல்ல ஆளைக் கொண்டுபோய் மூன்றாவதாக நிறுத்தி ஒரு புள்ளியைத் திருடுவார்கள். அவரவர் சராசரிப்படி வரிசை தானாக வர வேண்டும். லீக்குக்கு முன் ஒரு ஞாயிறு சும்மா எல்லோரையும் 40 குண்டு சுடவைத்து அதை முதல் சராசரியாக எடுத்துக்கொள்ளுங்கள்.

சமமாக முடிந்தால் ஆளுக்கு ஒரு குண்டு, தீரும் வரை. லீக்கிலேயே பார்க்க அருமையான நேரம் இதுதான், அவசரப்படாமல் அனைவரையும் கூப்பிட்டு நிறுத்திச் செய்யுங்கள்.

ஆறு அணி என்றால் ஒவ்வொருவரும் மற்ற ஐவரோடு ஒருமுறை, ஐந்து சுற்றும் ஒரு இறுதி ஆட்டமும். ரைபிளுக்கு ஒரு பட்டியல், பிஸ்டலுக்கு ஒரு பட்டியல். 12 லேனில் ஒரே நேரத்தில் ஒரு ரைபிள் ஆட்டமும் ஒரு பிஸ்டல் ஆட்டமும் ஓடும். தயாராகவும் பழக்கக் குண்டு சுடவும் 15 நிமிடம், 40 குண்டுக்கு 50 நிமிடம், ஆள் மாற கால் மணி நேரம். மூன்று தவணை. காலை 7 மணிக்குத் தொடங்கினால் பதினொன்றுக்குக் கடைசிக் குண்டு. எட்டு அணி சேர ஆசைப்பட்டாலும் முதல் வருடம் ஆறோடு நிறுத்துங்கள்.

ஆள் சேர்ப்பதை மூன்றாவது சுற்றோடு மூடிவிட வேண்டும். இல்லையென்றால் இறுதி ஆட்டத்துக்குச் சென்னையிலிருந்து ஒருவர் வந்து இறங்குவார். பெண்களும் ஆண்களும் ஒரே பட்டியலில் சுடட்டும், இந்த விளையாட்டில் அதற்கு ஒரு தடையும் இல்லை. பன்னிரண்டு வயதுக்குக் கீழ் யாரையும் எடுக்காதீர்கள்.

ஐந்தாவது படி: ஸ்கோர் போடுவது

எலக்ட்ரானிக் டார்கெட் இருந்தால் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். அதற்கும் இன்வெர்ட்டர் வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். ஆட்டத்தின் பாதியில் கரண்ட் போய் 22 குண்டின் கணக்கு எங்கே என்று தேடுவது கொடுமை.

பெரும்பாலோர் காகிதத்தில்தான் தொடங்குவோம். ரைபிள் டார்கெட்டில் பத்து என்பது அரை மில்லிமீட்டர்ப் புள்ளி. பெல்லட்டோ நாலரை மில்லிமீட்டர். அதாவது குண்டு போகும் ஓட்டை புள்ளியைவிட ஒன்பது மடங்கு பெரியது. அதனால் ஒரு காகிதத்துக்கு ஒரு குண்டுதான், இரண்டு சுட்டால் எது எங்கே போனது என்றே தெரியாது. பத்து டார்கெட் சேர்ந்தாற்போல அச்சடித்த நீளக் காகிதம் கிடைக்கும், ஆளுக்கு நாலு போதும். பிஸ்டலில் பத்து 11.5 மில்லிமீட்டர். ஒரு காகிதத்துக்கு இரண்டு குண்டு வரை சமாளிக்கலாம்.

கணக்கைப் பாருங்கள்: 18 ரைபிள்காரர், ஆளுக்கு 40, மொத்தம் 720 ரைபிள் ஓட்டை. பிஸ்டலிலும் 720. ஒரு ஞாயிறு 1440 ஓட்டையை ஒருவர் பார்த்து எழுத வேண்டும். இதற்கு மூன்று பேர் தனியாக வேண்டும், சுடாதவர்கள், கண் நல்லவர்கள். ஒருவர் பார்த்து வாய்விட்டுச் சொல்ல, ஒருவர் எழுத, மூன்றாமவர் கூட்டிச் சரிபார்க்க. காகிதத்தை மேஜையில் வைத்தபடியே படிக்கக் கூடாது, ஒரு கண்ணாடித் துண்டின் மேல் வைத்து அடியில் லைட் போட்டால் ஓட்டையின் ஓரம் தெளிவாகத் தெரியும். குண்டு கோட்டைத் தொட்டாலே உயர்ந்த மதிப்பெண். தொட்டதா இல்லையா என்று சந்தேகம் வந்தால் கேஜை, அதாவது ஓட்டைக்குள் விட்டு அளக்கும் சின்னக் கருவியை, செருகிப் பார்ப்பார்கள். ஒரு ஓட்டைக்கு ஒருமுறைதான் கேஜ் செருக வேண்டும், இரண்டாவது முறை செருகினால் காகிதம் கிழிந்து ஓட்டை பெருகும். கேஜ் வைத்தவர் காகிதத்தின் ஓரத்தில் கையெழுத்துப் போட்டு மதிப்பெண்ணையும் எழுதிவிட வேண்டும்.

பெரிய போட்டிகளில் ரைபிள் ஸ்கோரைத் தசமத்தில் போடுகிறார்கள், ஒரு குண்டுக்கு அதிகபட்சம் 10.9. காகிதத்தில் கையால் அது முடியாது. ரைபிள், பிஸ்டல் இரண்டுக்கும் முழு எண் மட்டும் என்று விதியில் எழுதிவிடுங்கள். ஒரு அணி தன் கிளப்பில் 415 சுட்டதாகப் பீற்றிக்கொள்ளும், இங்கே 400க்கு மேல் இல்லை.

தப்பிப்போய் பக்கத்து லேன் டார்கெட்டில் சுட்டால் சுட்டவருக்கு அது பூஜ்யம். முடிவை ஒட்டிய பத்து நிமிடத்துக்குள் ஆட்சேபம் வந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், அதற்கு அப்புறம் வந்தால் டீ கொடுத்து அனுப்புங்கள். காகிதங்களை அடுத்த சுற்று வரை கட்டி வையுங்கள்.

ஆறாவது படி: பாதுகாப்பு

பதினெட்டு வயதுப் பையன் ஒருவன் துப்பாக்கியில் காற்றுச் சிலிண்டரை மாட்டிக்கொண்டே, குண்டு இல்லை என்ற நினைப்பில் நண்பன் பக்கம் திரும்பியதை நான் பார்த்திருக்கிறேன். குண்டு இல்லைதான். ஆனாலும் அன்று அவனை அனுப்பிவிட்டோம், அவன் அணி அந்த ஆட்டத்தைத் தோற்றது. அவன் அப்பா சண்டைக்கு வந்தார். நாங்கள் விட்டுக்கொடுக்கவில்லை. முதல் மாதத்தில் ஒருமுறை இப்படிச் செய்துவிட்டால் அப்புறம் யாரும் துப்பாக்கியைத் திருப்ப மாட்டார்கள்.

விதி எழுதி ஒட்டுவது சுலபம்: பெட்டிக்குள் போகும்வரை குழல் டார்கெட் பக்கம்தான், சுடாத நேரத்தில் குழலுக்குள் ஆரஞ்சு நிறப் பாதுகாப்பு வயர் செருகியிருக்க வேண்டும், கோளாறு வந்தால் துப்பாக்கியை இறக்காமல் கையைத் தூக்கிக் கூப்பிட வேண்டும். கட்டளைகளை "லோட்", "ஸ்டார்ட்", "ஸ்டாப்", "அன்லோட்" என்றே சொல்லுங்கள். தமிழில் சொல்ல எனக்கும் ஆசைதான், ஆனால் பிள்ளைகள் நாளைக்கு டெல்லியில் நிற்கும்போது காதில் விழப்போவது இதுதான். கட்டளை சொல்பவர் ஒருவர்தான். "ஸ்டாப்" மட்டும் யார் வேண்டுமானாலும் கத்தலாம்.

பெல்லட் ஈயம். கை கழுவாமல் பஜ்ஜியைத் தொடக் கூடாது. வாஷ்பேசினில் சோப்பு இருக்கிறதா என்று காலையில் பாருங்கள்.

இனி, காற்று. நல்ல ஏர்கன்கள் எல்லாம் சிலிண்டரில் 200 பார் அளவுக்கு அடைத்த காற்றில் ஓடுகின்றன. வெறும் காய்ந்த காற்று, அதற்கென்று உள்ள கம்ப்ரெசரிலோ கைப்பம்பிலோதான் அடைக்க வேண்டும். நம் ஊரில் வீதிக்கு ஒரு வெல்டிங் பட்டறை இருப்பதால், "எங்ககிட்டயே சிலிண்டர் இருக்குதுங்க, நெரப்பித் தர்றோம்" என்று ஒருவர் அன்போடு சொல்வார். அது ஆக்சிஜன். உள்ளே துளி எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலும் வெடிக்கும். வேண்டாம் என்று கைகூப்பிவிட்டு வந்துவிடுங்கள். சிலிண்டரில் தயாரித்த தேதி குத்தியிருக்கும், பொதுவாகப் பத்து வருடம்தான் ஆயுள். போட்டியன்று காலையில் நீங்கள் சோதிக்க வேண்டிய முதல் விஷயம் இந்தத் தேதி. இரண்டாவது விஷயம், பிஸ்டலின் ட்ரிகர்: 500 கிராம் எடையை ட்ரிகரில் தொங்கவிட்டு, குழல் மேலே பார்க்கப் பிஸ்டலை மெல்லத் தூக்கினால் எடையும் சேர்ந்து எழும்ப வேண்டும். எடை எழும்பாமல் ட்ரிகர் விட்டுவிட்டால் திருகாணியைத் திருகிவிட்டு வரச் சொல்லுங்கள். ஜாக்கெட்டின் தடிமன், ஷூவின் அடிப்பாகம் என்றெல்லாம் முதல் வருடம் நோண்ட வேண்டாம்.

ஏழாவது படி: தேதி

லீக் படுத்துக்கொள்வது பெரும்பாலும் பணத்தால் இல்லை, "இந்த வாரம் வேண்டாம், அடுத்த வாரம் வெச்சுக்கலாமுங்க" என்ற ஒரு வாக்கியத்தால். ஒருமுறை தள்ளினால் அவ்வளவுதான்.

மாநிலப் போட்டி பெரும்பாலும் வருடத்தின் நடுவில் வரும், அப்புறம் மாவ்லங்கர் என்ற அகில இந்தியப் போட்டி, வருடக் கடைசியில் தேசியப் போட்டி. ஆகவே லீக்குக்குத் தோதான காலம் பொங்கலுக்கு அப்புறம். தையில் இரண்டு சுற்று, மாசியில் ஒன்று. தைப்பூசத்துக்கு முந்தின ஞாயிறை விட்டுவிடுங்கள், பாதிப் பேர் பழநிக்கு நடந்துகொண்டிருப்பார்கள், ரோட்டில் வண்டி ஓட்டவும் முடியாது. மார்ச் முழுக்கப் பரீட்சை, தொடாதீர்கள். ஏப்ரல் பாதியில் மீண்டும் தொடங்கி இரண்டு சுற்று, மே நடுவில் இறுதி ஆட்டம். கத்திரி வெயிலில் தகர ஷெட்டுக்குள் கான்வாஸும் தோலும் வைத்துத் தைத்த ரைபிள் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு நிற்பது கிட்டத்தட்ட இட்லிச் சட்டிக்குள் நிற்பதுதான். இறுதி ஆட்டத்தை காலை ஆறரைக்கே தொடங்குங்கள். மோர், உப்புப் போட்ட எலுமிச்சை ஜூஸ், நாற்காலி தயாராக இருக்கட்டும்.

ஊர்ப் பண்டிகைத் தேதியை அந்தந்த அணியிடம் முன்பே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கம்பம் நட்டபின் ஊரைவிட்டு வரமாட்டோம் என்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தேதிகளை அச்சடித்து ஒட்டியபிறகு, மூன்று பேரும் வந்து சேராத அணி தோற்றதாகக் கணக்கு, ஆட்டம் தள்ளிப்போகாது. முதல் சீசனில் எங்களுக்கு மிகப் பெரிய சண்டை இந்த விதியால் வந்தது. லீக் இன்றைக்கும் நடப்பதும் இந்த விதியால்தான்.

பணம்

சுருக்கமாகச் சொல்கிறேன். செலவு ஷெட் வாடகை, கரண்ட், காகிதம், ஜட்ஜின் போக்குவரத்து, காலை டிபன், கோப்பை. பெல்லட் அவரவருடையது. 36 பேருக்குப் பழக்கக் குண்டும் சேர்த்து ஆளுக்கு 60 வைத்தால் ஞாயிறுக்கு 2160, அதாவது 500 பெல்லட் டப்பா நாலரைக்குப் பக்கம், இதை லீக் கணக்கில் ஏற்றினால் தாங்காது. அணி நுழைவுக் கட்டணத்தில் செலவில் முக்கால்வாசி வந்துவிட வேண்டும். மீதிக்கு ஒரு ஸ்பான்சர். பம்பு கம்பெனி, பனியன் கம்பெனி, நூல் மில் என்று நம் பக்கத்தில் கேட்டால் கொடுக்கும் கை நிறைய. ஆனால் முழுச் செலவையும் ஒருவரே தருகிறேன் என்றால் யோசியுங்கள். அவர் மருமகன் அணிக்கு ஆட்சேபம் வரும்போது உங்கள் கை கட்டப்பட்டிருக்கும்.

நல்ல துப்பாக்கி லட்சத்தைத் தாண்டும் என்பதால் புதிதாக வருபவரை வாங்கச் சொல்லாதீர்கள். அணிக்கு ஒன்று இருந்தால் தவணை மாற்றிச் சுடலாம், அதற்காகவே ஒரே அணியின் மூவரும் வெவ்வேறு தவணையில் வரும்படி அட்டவணையைப் போட்டுக்கொடுக்கலாம். எங்களிடம் இரண்டு பள்ளி அணிகள் அப்படித்தான் முழு சீசனையும் ஓட்டின. சிலிண்டர் மட்டும் இரண்டு வேண்டும்.

இறுதி ஆட்டத்தன்று

பண்டஸ்லீகாவில் முரசும் மணியுமாகச் சத்தம் கூரையைப் பிளக்கும். இறுதி ஆட்டத்துக்கு நாங்களும் இரண்டு தவிலும் ஒரு பம்பையும் வைத்தோம். முதல் குண்டுக்குத் தவில்காரர் ஓங்கி அடித்த அடியில் ஒரு பிஸ்டல் பையனுக்கு ஆறு விழுந்தது. அடுத்த எட்டுக் குண்டில் ஏழு பத்து. அவன் அம்மா மட்டும் கடைசிவரை தவில்காரரை முறைத்துக்கொண்டிருந்தார். அடிப்பதாக இருந்தால் எல்லா அணிக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பழக்கக் குண்டு நேரத்திலேயே அடிக்கத் தொடங்கட்டும்.

.22 பற்றி, 25 மீட்டர் பிஸ்டல், 50 மீட்டர் ரைபிள் பற்றி, இரண்டாவது சீசன் முடிந்தபின் யோசிக்கலாம். அனுமதி வாங்கிய ரேஞ்ச் உள்ள கிளப் ஒன்று உங்கள் ஆறு அணிகளில் இருந்தால் அவர்களே அதை நடத்தட்டும், நீங்கள் ஸ்கோர் மேஜையில் உதவினால் போதும்.

கோப்பை கொடுத்த கையோடு, ஆட்கள் கலையும் முன், ஆறு மேனேஜரையும் ஸ்கோர் மேஜைக்கு அழைத்து அடுத்த தைக்கான தேதிகளில் கையெழுத்து வாங்கிவிடுங்கள். பிரியாணி அதற்கப்புறம்.